பேட்டரிக்கு 8 வருஷ வாரண்டி... வண்டிக்குள்ள ஓடுற லினக்ஸுக்கு எத்தனை வருஷம்?

எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் கிக்கரை உதைக்க வேண்டாம், சோக் இழுக்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் திரை ஒளிரும், வண்டி ரெடி. ஆனா அந்தத் திரை ஒளிர்வதற்கு முன்னாடி சில நொடிகள் காத்திருக்கிறோமே, அப்போ உள்ளே என்ன நடக்குது தெரியுமா? ஒரு முழு கம்ப்யூட்டர் பூட் ஆகிக்கொண்டிருக்கிறது. பல வண்டிகளில் அந்தக் கம்ப்யூட்டரின் அடித்தளம் லினக்ஸ் கர்னல்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது பக்கத்து வீட்டு விஷயம். ஏத்தர் ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன. டிவிஎஸ் ஐகியூபும் ஓசூர்தான். ஓலாவின் 500 ஏக்கர் ஆலை போச்சம்பள்ளியில் இருக்கிறது. ஏத்தர், ஓலா இரண்டுக்கும் தலைமையகம் பெங்களூரு. அதாவது ஜூஜூவாடி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வண்டி உருவாகிறது, அத்திப்பள்ளி தாண்டி அந்தப் பக்கம் அதற்கான சாஃப்ட்வேர் உருவாகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி நகரும்.

2020-ல் அறிமுகமான ஏத்தர் 450எக்ஸ் மாடலில் 7 இன்ச் திரை. அதில் ஓடுவது ஆண்ட்ராய்டின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பு. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல். இதை உங்க கையில் இருக்கும் போனிலேயே பார்க்கலாம். செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்', அதில் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' என்று தொட்டால் 'கர்னல் வெர்ஷன்' என ஒரு வரி இருக்கும். 4.19, 5.10, 6.1 என்று ஏதோ ஒரு எண்ணில் அது தொடங்கும். அந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்னல், பூட்: யார் யாரை எழுப்புவது?

ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் இருக்கிறார் இல்லையா? எந்த மெஷினில் யார், யாருக்கு எவ்வளவு மெட்டீரியல், யார் காத்திருக்கணும் என்று முடிவு செய்பவர். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வது கர்னல். மேப், மியூசிக், ப்ளூடூத் எல்லாமே அதனிடம் கேட்டுத்தான் ஹார்டுவேரைத் தொட முடியும்.

ஆனா காலையில் சூப்பர்வைசர் வருவதற்கு முன் யாராவது கேட்டைத் திறக்கணும். அதற்குத்தான் பூட்லோடர். கரன்ட் வந்ததும் சிப்புக்குள் எரித்து வைக்கப்பட்ட சின்ன கோடு முதலில் எழும். அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் ஸ்டோரேஜில் கர்னல் எங்கே இருக்கிறது என்று தேடி, அதை மெமரியில் ஏற்றி, கையில் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து ஓட விடும். அந்தச் சீட்டில் சில சொற்கள்தான் இருக்கும்: மற்ற ஃபைல்கள் எந்தப் பகுதியில் இருக்கின்றன, பிழைச் செய்திகளை எங்கே காட்ட வேண்டும், இப்படி. இதைத்தான் கர்னல் கமாண்ட் லைன் என்கிறார்கள்.

அந்தச் சீட்டில் ஒரு எழுத்து தப்பினால் போதும். கர்னல் முழிச்சுக்கும், ஆனா வீடு எங்கே என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும். 'கர்னல் பேனிக்' என்று இதற்குப் பெயர். திரையில் கறுப்பு, அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான வண்டி, ஒரே நகல்

தயாரிப்பு வரிசையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒருத்தர் உட்கார்ந்து சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்வதில்லை. கர்னல், பூட்லோடர், மற்ற புரோகிராம்கள் எல்லாம் சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டிவிடுவார்கள். அதுதான் இமேஜ். அச்சுக்கூடத்தில் ஒரு தகடு செய்து ஆயிரம் பிரதி எடுப்பது போல, அதே இமேஜ் எல்லா போர்டுகளிலும் எழுதப்படும். தகட்டில் பிழை இருந்தால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழை.

இமேஜ் கட்டுவதற்கென்றே யோக்டோ, பில்ட்ரூட் போன்ற கருவிகள் உள்ளன. இவை உண்மையில் சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரி. எந்தக் கர்னல், எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம், எந்த வரிசை என்று எழுதி வைத்துவிட்டால், யார் எப்போது கட்டினாலும் அதே இமேஜ் வர வேண்டும். வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பல இடங்களில் நடப்பது வேறு: ஒரு இன்ஜினியர் தன் லேப்டாப்பில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றி இமேஜ் கட்டிக் கொடுப்பார், அது நன்றாக ஓடும், வண்டிகளில் ஏறும். இரண்டு வருஷம் கழித்து அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அந்த செட்டிங் எங்கேயும் எழுதப்படாததால் அடுத்த இமேஜில் அது இருக்காது. அப்டேட் போட்டதும் ப்ளூடூத் காணோம், ஜிபிஎஸ் காணோம். யாருக்கும் காரணம் தெரியாது.

லினக்ஸ் கர்னல் 2025 தொடக்கத்தில் 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்வு செய்ய 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவிட்சுகள் இருக்கின்றன. ஸ்கூட்டருக்கு பிரிண்டர் வேண்டாம், டிவி ட்யூனர் வேண்டாம். வேண்டியது மட்டும் 'ஆம்', மற்றது 'இல்லை'. இந்தத் தேர்வுகள் எல்லாம் பதிவாகும் ஃபைல்தான் கர்னல் கான்ஃபிக்.

இதில் 'ஆம்', 'இல்லை' தவிர மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. 'மாட்யூல்', அதாவது தனி ஃபைலாக வைத்துக்கொள், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்பது. வசதியானதுதான். ஆனா இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்டோரேஜைப் படிக்கத் தேவையான டிரைவரையே மாட்யூலாக வைத்து, அந்த மாட்யூலை அதே ஸ்டோரேஜில் வைத்தால்? பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதைத் தவிர்க்கத்தான் பூட்லோடர், கர்னலோடு சேர்த்து ஒரு சின்ன மூட்டையையும் மெமரியில் ஏற்றும். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்பது அந்த மூட்டையின் பெயர். முதல் சாவி அதில் இருக்கும். கர்னலைப் புதுப்பித்துவிட்டு இந்த மூட்டையைப் புதுப்பிக்க மறப்பது, உலகம் முழுக்க லினக்ஸ் மெஷின்கள் எழாமல் போவதற்கு ரொம்பப் பழைய காரணங்களில் ஒன்று.

சிப் கிடைக்காத காலத்தில் வந்த தலைவலி

2021, 2022-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். வாகனத் துறை கடுமையாக அடி வாங்கியது. ஒரு சப்ளையரிடம் டிஸ்ப்ளே கன்ட்ரோலர் கிடைக்கலைன்னா இன்னொருவரிடம் வாங்கணும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே திரை. கர்னலுக்கு அது வேறு ஹார்டுவேர்.

கம்ப்யூட்டரில் நீங்கள் யுஎஸ்பி மவுஸ் சொருகினால் அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஸ்கூட்டர் போர்டில் ஒட்டப்பட்ட சிப்புகள் பலவும் அப்படிப் பேசாது. எந்தப் பின்னில் எது இருக்கிறது என்று கர்னலுக்கு யாராவது வரைபடம் போட்டுக் கொடுக்கணும். அந்த வரைபடம்தான் 'டிவைஸ் ட்ரீ'. முன்பெல்லாம் போன் மற்றும் சின்ன போர்டுகளுக்கான இந்த விவரங்கள் கர்னலுக்குள்ளேயே கோடாக எழுதப்பட்டன. அது குப்பை போல் குவிந்ததைப் பார்த்து 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதற்குப் பிறகுதான் ஆர்ம் சிப் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாக நகர்ந்தது.

இதனால் என்ன லாபம்? பாகம் மாறினால் கர்னலை மாற்ற வேண்டாம், வரைபடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனா எந்த வண்டியில் எந்த போர்டு என்று பூட்லோடர் சரியாகக் கண்டுபிடிக்கணும். மார்ச்சில் வாங்கிய வண்டிக்கு ஒரு வரைபடம், ஜூலையில் வாங்கிய அதே மாடலுக்கு வேறு வரைபடம். "ஒரே மாடல்தான், ஃப்ரெண்டு வண்டியில அப்டேட் நல்லா இருக்கு, என் வண்டியில மட்டும் திரை எரியல" என்ற புகார்களுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

தமிழ்நாடு பார்த்த பெரிய பரிசோதனை

பூட் கான்ஃபிக் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு பழைய அனுபவம் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கும் மேல். அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம்கள் இருந்தன. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

லேப்டாப்பை ஆன் செய்தால் எதில் போகணும் என்று ஒரு மெனு கேட்கும். அந்த மெனுவைக் காட்டுவது லினக்ஸின் பூட்லோடரான கிரப். அந்தக் கால லேப்டாப்களில் இதன் முதல் துண்டு ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டில் உட்கார்ந்திருக்கும். மூன்று, நான்கு எஸ்எம்எஸ் அளவு இடம்தான். வைரஸ் வந்துவிட்டது என்று கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடி ஏற்றினால், விண்டோஸ் அந்த இடத்தில் தன் கோடை எழுதிவிடும். மெனு போச்சு. பாஸ் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், ஆனா அதை அழைக்க ஆள் இருக்காது. பலருக்கு 'லினக்ஸ் அழிஞ்சு போச்சு' என்று தோன்றியிருக்கும். அழிந்தது வாசல் மட்டும்தான். ஒரு லைவ் சிடி இருந்தால் சில நிமிடத்தில் வாசலைத் திரும்பக் கட்டிவிடலாம். அதைச் சொல்லித்தர ஆள் இருந்த பள்ளிகள் எத்தனை என்பது வேறு கேள்வி.

இது பழைய காலப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 13-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டது. லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களை அது தொடக்கூடாது என்பதுதான் திட்டம். ஆனா பல மெஷின்களில் லினக்ஸ் இருப்பதையே அது கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் ஆன் செய்தவர்களுக்கு லினக்ஸ் பக்கம் போக வழியில்லை.

அப்டேட் பாதியில் நின்றால்?

மொபைலுக்கு வருவது போலவே ஸ்கூட்டருக்கும் காற்று வழியாக அப்டேட் வருகிறது. ஓலா எஸ்1 வாங்கிய முதல் வாடிக்கையாளர்களுக்கு க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன் போன்ற வசதிகள் கையில் கிடைத்ததே 2022-ல் வந்த மூவ்ஓஎஸ் 2 அப்டேட்டில்தான். வண்டியை வாங்கிய பிறகும் வண்டி தயாராகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லலாம்.

சரி, அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்தால்? கர்னலில் பாதி பழசு, பாதி புதுசு. எழவே எழாது. இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'ஏ/பி' முறை. ஆண்ட்ராய்டில் 2016-ல், 7.0 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. ஸ்டோரேஜில் இரண்டு அறைகள். வண்டி ஏ அறையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே புது இமேஜ் பி அறையில் எழுதப்படும். முழுவதும் எழுதி, சரிபார்த்த பிறகு, 'அடுத்த முறை பி-யில் எழு' என்று பூட்லோடரிடம் சொல்லப்படும். பி-யில் சில முறை முயற்சி செய்தும் எழவில்லை என்றால் பூட்லோடர் தானாகவே ஏ-வுக்குத் திரும்பும். நீங்கள் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா இதன் உயிர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: 'எழுந்துவிட்டது' என்று யார், எப்போது சான்று கொடுப்பது? கர்னல் ஓடத் தொடங்கியதுமே 'சரி' என்று குறித்துவிட்டால், அதற்குப் பிறகு திரை எரியாமல் போனாலும் பூட்லோடர் திரும்பாது. அதன் கணக்கில் எல்லாம் நலம். அதனால் திரை வந்து, மோட்டார் பக்கத்துடன் பேச்சு நடந்து, நெட்வொர்க்கும் எட்டிய பிறகே சான்று கொடுக்கும்படி வடிவமைப்பதுதான் நல்ல பழக்கம். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். நெட்வொர்க் இல்லாமல் எழுந்த வண்டிக்கு, அந்தப் பிழையைச் சரிசெய்யும் அடுத்த அப்டேட்டும் போய்ச் சேராது.

இன்னொன்று, பூட்லோடருக்கே இரண்டாவது பிரதி இல்லாத போர்டுகளும் உண்டு. அதைப் புதுப்பிக்கும் சில நொடிகளில் சார்ஜ் போனால் சர்வீஸ் சென்டரில் போர்டைத் திறக்க வேண்டியதுதான்.

இப்படிக் கையால் சரிசெய்யும் நிலை வந்தால் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை 2024 ஜூலை 19-ல் உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழாமல் நின்றன, விமான நிலையங்கள் திணறின. சரியான ஃபைல் கொஞ்ச நேரத்திலேயே வெளியாகிவிட்டது. ஆனா எழாத மெஷினுக்கு அதை எப்படி அனுப்புவது? பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு மெஷினாக ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

ஒரு ஆறுதல்: பிரேக், மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி கண்காணிப்பு ஆகியவை வழக்கமாக இந்த லினக்ஸை நம்பி இருப்பதில்லை. அவற்றுக்குத் தனி மைக்ரோகன்ட்ரோலர்கள் உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனா சாவித் துவாரமே இல்லாமல், திரையில் பின் போட்டுத் திறக்கும் வண்டி என்றால், திரை எழாத காலையில் நீங்க ஆபீஸுக்கு பஸ்தான்.

இப்போ அந்த எண்ணுக்கு வருவோம்

போனில் பார்த்த கர்னல் எண் ஞாபகம் இருக்கிறதா? லினக்ஸ் கர்னலில் சில பதிப்புகளை மட்டும் 'நீண்டகால ஆதரவு' என்று தேர்ந்தெடுத்து, பாதுகாப்பு ஓட்டைகளைத் தொடர்ந்து அடைப்பார்கள். ஒரு காலத்தில் இது 6 ஆண்டுகள் வரை போனது. இனி பொதுவாக 2 ஆண்டுகள்தான் என்று 2023-ல் அறிவித்தார்கள். காரணம் எளிமையானது. பழைய பதிப்புகளை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, அதைப் பராமரிக்கும் சில பேர் களைத்துப்போகிறார்கள்.

உதாரணத்துக்கு 4.19 கர்னல். 2018 அக்டோபரில் வெளியானது, 2024 டிசம்பரோடு ஆதரவு முடிந்தது. இதே கர்னலோடு 2022-ல் ஒரு வண்டி விற்கப்பட்டிருந்தால், ஓனருக்குக் கிடைத்தது இரண்டரை வருஷம்.

இன்னொரு பக்கம் பேட்டரி. ஓலா 2024 பிப்ரவரியில் 8 ஆண்டு அல்லது 80 ஆயிரம் கிலோமீட்டர் வாரண்டி அறிவித்தது. ஏத்தரும் 8 ஆண்டுத் திட்டம் கொண்டுவந்தது. பேட்டரி செல்லுக்கு 8 வருஷம் எழுத்தில் கிடைக்கிறது. அந்த வண்டியை எழுப்பும் கர்னலுக்கு எத்தனை வருஷம் என்று ஷோரூம் பிரசுரத்தில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பது கஷ்டம். வண்டியில் சிம் கார்டு இருக்கிறது, ப்ளூடூத் இருக்கிறது, நீங்கள் போகும் இடமெல்லாம் பதிவாகிறது. அதில் ஓட்டை இருந்தால் அடைப்பது யார் பொறுப்பு?

புது கர்னலுக்கு மாறிவிட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் சிப் கம்பெனி வருகிறது. சிப்போடு அவர்கள் ஒரு கர்னலையும் கொடுப்பார்கள், தங்கள் சொந்தத் திருத்தங்கள் ஏராளமாகச் சேர்த்து. அந்தத் திருத்தங்கள் பொதுக் கர்னலில் சேராவிட்டால், ஒவ்வொரு முறை பதிப்பு மாற்றும்போதும் அவ்வளவையும் கையால் நகர்த்தணும். சிப் கம்பெனி அடுத்த சிப்புக்குப் போயிருக்கும். வண்டிக் கம்பெனியில் இதற்கென்று ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். புதிதாக எதுவும் விற்காத வேலை இது, அதனால் பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

கார், லாரி, பஸ் போன்றவற்றின் சாஃப்ட்வேர் அப்டேட்டை நிர்வகிக்க ஐநாவின் ஒழுங்குமுறை 156 இருக்கிறது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் டிஜிட்டல் பொருட்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகளாவது பாதுகாப்பு ஆதரவு கேட்கிறது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் தொடங்கும்.

சிப்காட் மெஷின்களுக்கும் இதே கேள்வி

ஸ்கூட்டரோடு இது முடியவில்லை. ஓசூர் சிப்காட், சிட்கோ யூனிட்டுகளில் டச் ஸ்கிரீன் வைத்த மெஷின்கள், கேமரா வைத்துச் சோதிக்கும் கருவிகள், டேட்டா சேகரிக்கும் சின்னப் பெட்டிகள் எத்தனையோ. பலவற்றுக்குள் லினக்ஸ்தான். ஒரு மெஷின் வாங்கினால் 15, 20 வருஷம் ஓட்டுவது நம்ம ஊர் வழக்கம். 2 வருஷக் கர்னல் அதற்கு எப்படிப் போதும்?

இதற்காகவே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2016-ல் தொடங்கப்பட்டதுதான் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம். சீமென்ஸ், தோஷிபா போன்ற நிறுவனங்கள் சேர்ந்து, தேர்ந்தெடுத்த சில கர்னல்களை 10 ஆண்டுகள் வரை பராமரிக்கின்றன. பொதுவாகக் கைவிடப்பட்ட அதே 4.19-ஐ இவர்கள் 2029 ஜனவரி வரை பார்த்துக்கொள்கிறார்கள். மெஷின் வாங்கும்போது "உள்ளே எந்தக் கர்னல், யார் பராமரிப்பு?" என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாத சப்ளையரிடம் இன்னும் ரெண்டு கேள்வி கேட்பது தப்பில்லை.

வண்டி வாங்கியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் 2 என்ற உரிமத்தில் வருகிறது. அதை உள்ளே வைத்து விற்கும் நிறுவனம், வாங்கியவருக்கு அந்தக் கர்னலின் சோர்ஸ் கோடையும் தர வேண்டும். அதைக் கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும் என்று உரிமமே சொல்கிறது. வண்டித் திரையின் செட்டிங்ஸில் 'லீகல்' அல்லது 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கம்பெனியின் கஸ்டமர் கேர் முகவரிக்கு மெயில் அனுப்பிக் கேட்கலாம். மெயிலில் வண்டியின் மாடல், திரையில் காட்டும் சாஃப்ட்வேர் பதிப்பு எண் இரண்டையும் எழுதுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பதிப்புக்கும் கர்னல் வேறாக இருக்கலாம்.